பூசைக்குப் போன நான்கு த்ராட்டில் கார்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குப் போன் அடித்தது. திரையில் அந்துவான் அண்ணன் பெயர் வந்தது. அவருடைய சொந்தக் கார் அப்போது ஷெட்டில் என் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்ததும், "அண்ணே, நின்னு ஓடுற ஐடில் வேகம் தொள்ளாயிரத்துக்கு வந்துடுச்சு. ஏசி போட்டாத்தான் ஆடுது" என்றேன். பதிலுக்கு அவர் மனைவி ரோசாலி அக்காவின் குரல் கேட்டது. "செல்வி, அவரு விடியக்காலம் போயிட்டாரும்மா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதான்." "ஏசி போட்டா ஏன் ஆடுது?" என்றும் கேட்டார்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்குக் கார் கொண்டுவந்த எல்லோருக்கும் அந்துவான் அண்ணனைத் தெரியும். நான்கு வருடம் அவரோடு வேலை செய்தேன். அவருக்கு லேப்டாப்பைக் கண்டால் ஆகாது; எனக்கு ஸ்பேனர் பிடித்தால் கை வழுக்கும். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கணினியில் எழுதுவது என் வேலை. மீதியெல்லாம் அவர். "நீ எழுது, நான் திருகுறேன். ரெண்டு பேரும் அடுத்தவன் வேலைல கை வைக்கக் கூடாது" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. சாதாரணமாக ஒரு காரில் நான்கு சிலிண்டர்களும் த்ராட்டில் என்ற ஒரே காற்றுக் கதவு வழியாகத்தான் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றுக்கும் தனி த்ராட்டில் வைத்தால், மிதித்த அடுத்த நொடி கார் பாயும். "நாலு புள்ளைங்களுக்கு ஒரே தட்டுல சோறு போட்டா, எவன் வேகமா திங்கிறானோ அவனுக்குத்தான். தனித்தனியா போடு, எல்லாம் ஒழுங்கா தின்னும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பஞ்சர் பார்க்க வந்தவரிடம்கூடச் சொன்னார்.

கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒருவர் டர்போ காரோடு வந்தார். படத்தில் பார்த்ததுபோல காற்று இழுக்கும் நான்கு குழல்களும் வெளியே திறந்து தெரிய வேண்டும் என்றார். அண்ணன் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "தம்பி, டர்போ இல்லாத வண்டி காத்த தானே உறிஞ்சிக்கும், அதுக்குத் தொறந்து வைக்கலாம். டர்போ காத்த அமுக்கித் திணிக்குது. வாயத் தொறந்து வச்சா திணிச்சதெல்லாம் தெருவுக்குத்தான் போவும்." அதனால் நான்கு வாய்களையும் சேர்த்து மூட அலுமினியத்தில் ஒரு பெட்டி செய்தார். மூடிக்கு எட்டு போல்ட் போட இடம் விட்டு, சோதனைதானே என்று நான்கு போட்டார். பானெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தொழிற்பேட்டைத் தெருவில் மிதித்துப் பார்த்தார். ஒரு வெடிச் சத்தம். சற்று நேரத்தில் பக்கத்து சோப்பு கம்பெனி வாட்ச்மேன் வந்து நின்றார்.

"சார், உங்க மூடி எங்க ஆபீஸ்ல வந்து உக்காந்துருக்கு."

"டீ குடுத்தீங்களா?" என்றார் அண்ணன்.

அந்த வெற்றியில், டர்போ இல்லாத தன் சொந்தக் காருக்கும் நான்கு த்ராட்டில் வைத்தார். அது வீட்டுக் கார். ஞாயிற்றுக்கிழமை ரோசாலி அக்காவையும் அக்காவின் அம்மாவையும் சர்ச் பூசைக்கு அழைத்துப்போகும் கார். அக்காவின் அம்மா, பிரெஞ்சு ராணுவத்தில் 'சொல்தா' என்னும் சிப்பாயாக இருந்தவரின் விதவை. நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம்; பென்ஷன் வாங்குகிறவர், எதற்கும் எளிதில் அசையாதவர்.

நான்கு த்ராட்டில்களும் ஒரே அளவு காற்றை உள்ளே விடுகின்றனவா என்று அண்ணன் காதால் பார்ப்பார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் குழலின் வாயிலும் வைத்துக் கேட்பார். அப்போது ஷெட்டில் யாரும் பேசக் கூடாது. கம்ப்ரசர் ஓடக் கூடாது. டீ கொண்டுவருபவர் வாசலிலேயே நிற்க வேண்டும். கண்டிப்பான சட்டம் அது; எனக்கு மிகவும் பிடித்த சட்டமும் அதுதான், ஏனென்றால் நான் மட்டுமே அதைச் சிரமமில்லாமல் கடைப்பிடித்தேன்.

தன் காருக்கு வேலை முடித்த சனிக்கிழமை மூன்று மணி நேரம் காதை வைத்துக் கேட்டார். பிரேக்கை லேசாக மிதிக்க, எஞ்சின் உறிஞ்சும் விசையை ஒரு குழாய் வழியாக பிரேக்குக்குக் கொண்டுபோவார்கள். நான்கு த்ராட்டில் வைத்தால் அந்தக் குழாயை நான்கிலிருந்தும் சேர்த்து எடுக்க வேண்டும். அண்ணன் அப்போதைக்கு ஒன்றில் மட்டும் மாட்டியிருந்தார். நான் பார்த்தேன். வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் விரலை உதட்டில் வைத்தார். கடைசியில் சந்தோஷத்தில் பானெட்டைச் சாத்தி அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கும் கடைசி பஸ் நேரம்.

மறுநாள் கோயில் வளாகத்துக்குள் நுழைந்ததும் பிரேக் கல்லாகிவிட்டது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தாராம். மெதுவாக வந்ததால் யாருக்கும் எதுவுமில்லை. வரிசையாக நின்ற பதினோரு சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பின் சீட்டிலிருந்து பெரியம்மா, "மாப்ள, நேரா பீடத்துக்கே வுட்டுடுவீங்கன்னு நெனைச்சேன்" என்றாராம்.

ரோசாலி அக்கா அன்றே ஈஸ்டரைக் கெடுவாக வைத்தார். "பாஸ்கா வரைக்கும் டைம். அதுக்குள்ள இது மனுசன் ஓட்டுற காரா ஆவணும். இல்லன்னா பழசயே மாட்டிடணும்." கழற்றிய பழைய பிளாஸ்டிக் த்ராட்டில் பகுதியை ஒரு சேலையில் சுற்றித் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அண்ணன் என்னிடம் கேட்டார்: "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"பேசக் கூடாதுன்னு சொன்னீங்க."

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினார்: 'கேட்கும்போது யாரும் பேசக் கூடாது. செல்வி பேசலாம்.' எழுதிவிட்டு, "இனிமே நீ பேசாம இருந்தாத்தான் சட்டத்த மீறுனதா அர்த்தம்" என்றார். எனக்கு இதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் தந்ததில்லை. குழாயை நான்கிலும் மாட்டினார். பிரேக் சரியானது. நின்றால் ஆடும் ஐடில் மட்டும் பாக்கி இருந்தது. அந்த நிலையில்தான் அவர் போனார்.

கெடு முடிய எட்டு நாள் இருக்கையில் ரோசாலி அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே பெரியம்மா. அக்காவின் கையில் பழைய பகுதியைச் சுற்றிய சேலை மூட்டை.

"பழசயே மாட்டிடும்மா. எனக்கு ஒரு கார்தான் வேணும். காட்சி வேணாம்."

"மாட்டித் தரேன்க்கா" என்றேன். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்: "ஆனா எனக்கு இதுல இஷ்டம் இல்ல. பிரேக் இப்ப நல்லாருக்கு. தப்பு என்னோடதும்தான், அன்னிக்கே சொல்லிருக்கணும்."

அக்கா மூட்டையை நீட்டினார். "இஷ்டமெல்லாம் அவரோட போச்சு. மாட்டு."

ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கி, கையில் தோல் உரிந்து, மதியம் தாண்டி முடித்தேன். பெரியம்மா பின் சீட்டில் ஏற, அக்கா முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். காத்திருந்தார். மறுபடியும் திருப்பினார். கர்ரென்று ஸ்டார்ட்டர் பல் அரைத்தது.

"அக்கா, ஓடுதுக்கா. முதல்லயே ஓடிடுச்சு."

அவர் கையை எடுத்துவிட்டுக் கேட்டார். எதுவும் கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் போல ஓடியது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "வாரம் பூரா நானும் அந்தாளும் பேசிக்கிட்டதே இந்தச் சத்தத்தப் பத்திதான்" என்றார். "கழட்டிடு. அம்மாவ நான் சமாளிச்சிக்கிறேன்."

பின் சீட்டிலிருந்து பெரியம்மா, "என்ன எதுக்குச் சமாளிக்கிற? நானும் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

நான்கு த்ராட்டில்களும் திரும்ப ஏறிவிட்டன. பாஸ்கா பூசைக்கு அந்தக் காரில்தான் போனார்கள். கோயில் வாசலில் சைக்கிள்காரர்கள் முன்கூட்டியே இடம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள் என்று கேள்வி.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, பார்த்ததைப் பார்த்தபோதே சொல்லிவிடுவது. இன்னும் சுலபமாக வருவதில்லை; ஆனாலும் சொல்கிறேன். ஏசி போட்டால் கார் ஏன் ஆடுகிறது என்பதைப் போன வாரம் கண்டுபிடித்தேன். என் கணக்கில்தான் பிழை. திருத்த ஒரு காலைப்பொழுது போதும். அதையும் ரோசாலி அக்காவிடம் சொன்னேன்.

"தெரிஞ்சிடுச்சில்ல? சரி," என்றார். "ஆடட்டும், வுடு."