ஆனா அக்கா

கூட்டம் முடிந்து நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. விளக்கை அணைக்கப் பேராசிரியர் சுவர்ப்பக்கம் போய்விட்டார். அக்கா மட்டும் எழவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "ஆனா..." என்றார். எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

அந்த ஒரு சொல்லால் வந்த பெயர்தான் ஆனா அக்கா. ஆய்வு மையத்து வாயிற்காவலருக்கு அந்தப் பெயர்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அக்காவுக்கு இதில் வருத்தமில்லை. "எழுத்தே ஆனாவுலதான ஆரம்பிக்குது? நான் இன்னும் அதைத் தாண்டல, அவ்வளவுதான்" என்பார்.

மனிதர்களும் அவர்கள் வாழும் இடமும் ஒன்றையொன்று என்ன செய்துகொள்கின்றன என்று ஆராயும் மையம் அது. கட்டடம் படித்தவர், உடம்பு படித்தவர், சமூகம் படித்தவர் என்று துறைக்கு ஒருவர் உண்டு. ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு விளங்காது. அத்தனை பேர் பேச்சையும் கேட்டு ஒரே அறிக்கையாக எழுதுவது அக்காவின் வேலை. அவர் படித்தது மண்ணைப் பற்றி. மண்ணை ஆராய அங்கே யாருக்கும் நேரமில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் தையல் கடை வைத்திருக்கிறார். மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தாங்க. நான் துணிய ஒட்டுப் போடுறேன், அவ பேச்ச ஒட்டுப் போடுறா. என்ன, நான் தைச்சதைப் போட்டுக்கலாம்" என்றார். உள்ளேயிருந்து அக்காவின் சிரிப்புதான் முதலில் கேட்டது.

யோசனை வந்துவிட்டால் அக்காவுக்குக் காலில் செருப்பு தங்காது. மேசைக்கடியில் கழற்றி விடுவார். குழப்பம் முற்ற முற்றக் கால் அதைத் தள்ளிக்கொண்டே போகும். கூட்டம் கலையும்போது ஒரு செருப்பு மருத்துவரின் நாற்காலிக்குக் கீழே கிடக்கும். "இன்னிக்குக் குழப்பம் டாக்டர் வரைக்கும் போயிருக்கு" என்று மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள்.

இதழுக்காக நான் அவரோடு சுற்றிய கோடையில் மையத்தார் ஆராய்ந்துகொண்டிருந்தது, ஆலைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் தகரக் கூரை வீடுகளை. நடுப்பகலில் உள்ளே நுழைந்தால் அடுப்புக்குள் தலையை விட்டதுபோல இருக்கும். வீட்டுக்கு ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் சூட்டை அளந்து, முகப்பில் எண்ணாகக் காட்டி, அது தானாகவே மையத்துக்கும் அனுப்பும்.

அவற்றில் ஒரு வீடு மட்டும் நடுப்பகலில் குளிர்ந்தது. கூரையும் அதே தகரம்தான். நியாயமாக மற்றவற்றைப் போலவே காய வேண்டியது. வெளிச்சுவர் முழுக்க ஒரு கொடி படர்ந்திருந்தது.

"கொடிதான் அக்கா! வெயில அது குடிச்சிடுது" என்று குதித்தார் கட்டடப் பொறியாளர். இளவயதுக்காரர். அந்த ஆண்டோடு அவருடைய வேலை முடிகிறது. நல்ல கண்டுபிடிப்பு ஒன்று இருந்தால்தான் நீளும். நகராட்சிக்கும் சேதி போயிற்று. தகரத்தை எடுத்துவிட்டு வேறு கூரை போட்டுத் தருவதா என்று வெகுநாளாக இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வாயெல்லாம் பல். கூரை மாற்றுவதைவிடக் கொடி நடுவது எவ்வளவு சுலபம்!

"ஆனா, பக்கத்து வீட்டுலயும் கொடி இருக்கே தம்பி?"

"அது வேற கொடி அக்கா."

"ஆனா, இலை ஒரே மாதிரி இருக்கே?"

பொறியாளர் கணினித் திரைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

மறுநாள் நடுப்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் அக்கா அந்த வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். கொடி வீட்டு அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பெட்டியைக் காணோம்.

"அதுவா? உள்ள படுத்திருக்கு" என்றார் அந்த அம்மா.

சமையலறையில், தண்ணீர்க் குடத்தை ஒட்டி, ஈரத்துண்டு போர்த்திக்கொண்டு வெள்ளைப் பெட்டி சுகமாகக் கிடந்தது.

"மத்தியானத்துல அந்தச் செவுரு நெருப்பா கொதிக்கும்மா. பாவம், வாயில்லாத சாமான். முழிச்சு முழிச்சுப் பாத்துக்கிட்டுத் தொங்குது. கெட்டுப்போச்சுன்னா உங்களுக்கு யாரு பதில் சொல்றது? அதான் இங்க வச்சிருவேன். வெயில் தாழ்ந்ததும் மறுபடி மாட்டிருவேன்."

அக்கா கோபப்படவில்லை. பெட்டியின் துண்டை விலக்கி, ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பெட்டி உண்மையைச் சொன்னது: மற்ற வீடுகளில் என்ன சூடோ அதேதான் இங்கும். கொடி ஒன்றும் கிழித்துவிடவில்லை. விஷயம் அதோடு முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"ஆனா, எனக்கு இங்க புழுக்கமே தெரியலையே" என்றார் அக்கா.

அவர் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். எனக்கும் தெரியவில்லை. அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி காலை நீட்டிப் படுத்தாள். ஒருத்தி பாதியில் விட்ட கதையை எடுத்தாள். "எங்க வீட்டுல வெந்துபோயிருவோம். இங்க வந்தாத்தான் உசிரு வருது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அக்கா எழுந்து அந்தப் பக்கத்து வீட்டுக்குள் போய் நின்றார். வேர்வையில் நனைந்து வந்தார். இங்கே வந்து உட்கார்ந்தார், ஆறியது. திரும்ப அங்கே போனார். இரண்டு பெட்டியும் ஒரே சூட்டைக் காட்டின. உடம்பு மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்தது. அவர் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்துக் கொடி வீட்டு அம்மா கேட்டார்: "ஏம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?"

"ஆமாம்மா. என்னத்தைன்னுதான் தெரியல."

பொறியாளரிடம் இதைத் தொலைபேசியில் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. அவர் மேசைக்கே போய்ப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னார். பொறியாளர் முகம் செத்துப்போனது.

"அக்கா... இதை நீங்க மட்டும்தானே பாத்தீங்க?"

அக்கா என்னைக் காட்டினார்.

"பத்திரிகைக்காரரா! போச்சு." தலையைப் பிடித்துக்கொண்டார். "என் வேலையே இதுலதான் தொங்குது, தெரியுமில்ல?"

"தெரியும் தம்பி. ராத்திரி தூக்கம் வரல எனக்கு. ஆனா அந்தக் கொடிய நம்பிக் கூரைய மாத்தாம விட்டுட்டா, அந்த ஜனங்க வர்ற கோடையிலயும் வேகணுமே."

பொறியாளர் கணினியை மூடினார். "நீங்க சொல்ல வேணாம். நானே சொல்றேன்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் சொல்லவும் செய்தார். கொடியைப் பற்றிய முடிவு தவறு என்று நகராட்சிக்கு அன்றே தெரிவிப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கூரை மாற்றும் பேச்சு மறுபடி உயிர்பெற்றது. இதை எழுதும்போது வரிசையின் ஒரு கோடியில் வேலை தொடங்கிவிட்டது. பொறியாளருக்கும் இன்னொரு கோடை வரை வேலை நீண்டது. உண்மையைச் சொன்னதற்காக அல்ல, பெட்டிகளை மறுபடி மாட்ட வேறு ஆள் இல்லாததால் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

ஆனால் அன்றைய கூட்டத்தில் கொடி வீடு முடிச்சாக நின்றது.

"பெட்டி நகர்ந்தா அது பிழை. அந்த வீட்டை ஆய்வுலேர்ந்தே எடுத்துடணும்" என்றார் பொறியாளர்.

"எடுக்கவே கூடாது!" என்று மேசையைத் தட்டினார் சமூகவியல் ஆசிரியை. "ஒரு பெட்டிக்கு வேர்க்குமேன்னு ஒரு பொம்பளை கவலைப்பட்டிருக்கா. அவ வீட்டுல நாலு பேரு கூடுறாங்க, குளுமையா இருக்குங்கறாங்க. இதைத்தானே பாக்க வந்தோம்?"

"நாலு பேர் கூடினா சூடு ஏறணும் மேடம், இறங்காது" என்றார் மருத்துவர்.

"அப்ப அக்காவுக்கு எப்படி ஆறிச்சு?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். "சத்தியமா எனக்குப் புரியல" என்றார் அக்கா. "பெட்டி பொய் சொல்லல. அவங்களும் பொய் சொல்லல. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல எழுத எனக்குத் தெரியல."

பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. பேராசிரியருக்குப் பொறுமை போயிற்று. "சரி, கை தூக்கிடுவோம். அந்த வீட்டை எடுத்துடணும்னு சொல்றவங்க?"

பொறியாளர் கை உயர்ந்தது. மருத்துவர் கை உயர்ந்தது. சற்றுத் தயங்கி அக்காவின் கையும் உயர்ந்தது.

"கூடாதுன்னு சொல்றவங்க?"

பொறியாளரும் மருத்துவரும் கையை இறக்கினார்கள். சமூகவியல் ஆசிரியை தூக்கினார். அக்காவின் கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பேராசிரியர் காத்திருந்தார். அக்கா அண்ணாந்து, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தார். பிறகு மற்றொரு கையை அதன் முழங்கைக்கு முட்டுக் கொடுத்து, வாகாக உட்கார்ந்துகொண்டார்.