அழுத பையனுக்குப் பெண் கொடுக்கலாமா?

போன வாரம் எனக்கு ஒரு துப்பறியும் வேலை வந்தது. மாப்பிள்ளை விசாரிப்பு!

இலத்தூரில் இருக்கும் என் மச்சினன் மகளுக்கு வரன். பையன் போலீஸ் கான்ஸ்டபிள். குடும்பம், ஜாதகம் எல்லாம் சரி. கடைசியில் தரகர் ஒரு தகவலை உதிர்த்தார் — பையன் சின்ன வயதில் சினிமாவில் நடித்தவனாம். பஸ் ஸ்டாண்டில் அம்மாவைத் தேடி அழுவானே... தியேட்டரே கூடச் சேர்ந்து அழுததே... அந்தப் பையன்தான்.

மச்சினனுக்கு அன்றோடு தூக்கம் போச்சு.

“அத்தான், அஞ்சு வயசுலயே ஊரை ஏமாத்தி அழ வச்சவன். நாளைக்கு எம் மவகிட்டயும் அழுது நடிச்சா எப்படிக் கண்டுபிடிக்க?”

நியாயமான சந்தேகம்தானே? எனக்கும் அது பிறவிக் குணம். டீ நன்றாக இருந்தால்கூட, இன்றைக்கு என்ன விஷயம் என்று மாஸ்டர் முகத்தைப் பார்க்கிற ஆள். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

பையனுக்கு அங்கே சீசன் டியூட்டி. மெயின் அருவி முன்னால் தொப்பலாக நனைந்தபடி விசிலடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பால்முகம் எங்கே, இந்த மீசை எங்கே... ஆள் அவன்தானா என்பதிலேயே சந்தேகம் வந்தது. டியூட்டி முடிந்ததும் டீக்கடைக்கு அழைத்துப்போய், பெண்ணுக்கு மாமா என்று சொல்லி, நேரடியாகவே கேட்டேன்.

“சினிமாவுல நடிச்சத ஏன் தம்பி சொல்லல?”

“சொன்னா ஒடனே அழுது காட்டச் சொல்லுதாங்க அண்ணாச்சி.”

அதன்பிறகு இரண்டு படமாம். உயரமாக வளர்ந்ததும் கூப்பிட ஆளில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலும் சரி, போலீஸ் டிரெயினிங்கிலும் சரி, அந்த அழுகையை அழுது காட்டச் சொல்லிக் கேட்காத ஆளில்லையாம்.

“அவ்வளவு தத்ரூபமா நடிச்சா கேக்கத்தான செய்வாங்க?” — விடுவேனா நான்?

“அது நடிப்பு இல்ல அண்ணாச்சி. அன்னைக்கி எனக்கு அழுக வரல. ஒங்கம்மா ஒன்ன விட்டுட்டு பஸ் ஏறிட்டான்னு டைரக்டர் சொன்னாரு. நான் நம்பிட்டேன். எங்கம்மா கேமராவுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தா.”

பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும்... இதுவும் நடிப்பாக இருந்தால்? பாழாய்ப்போன புத்தி அப்போதும் கேட்டது.

கிளம்பும்போது அவன் சொன்னான்: “நான் பொண்ணுகிட்ட நேர்ல ஒரு வார்த்த கேக்கணும். அவங்களுக்குச் சம்மதம்னு தரகர் சொல்லுதாரு. பெரியவங்க சொல்லுதத வச்சு நான் எதையும் நம்புததில்ல அண்ணாச்சி. தப்பா நெனைக்காதீங்க.”

விசாரிக்கப் போனவனையே விசாரித்துவிட்டான்! மச்சினனுக்கு போன் போட்டேன்.

“பையன் எப்படி அத்தான்?”

“அது கெடக்கட்டும். நம்ம பிள்ளைகிட்ட சம்மதம் கேட்டியா?”

“அவகிட்ட என்னத்தக் கேக்க?” என்றான்.

ஊரையே சந்தேகப்பட்ட எங்களுக்கு, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே வந்ததில்லை!