வயிற்றில் தையலோடு பாலக்காட்டிலிருந்து சூரியநெல்லிக்கு

போன மாதம் என் மகளுக்குப் பித்தப்பையைத் துளை வழியாக எடுத்தார்கள். மறுநாளே வீடு. தோள்பட்டைதான் வலிக்கிறது என்றாள். வயிற்றில் ஏற்றிய வாயுவின் வேலை, மெல்ல நடந்தால் குறையும் என்று மருத்துவர் சொன்னாராம். "மலைக்கு வரலாமாப்பா?" என்று கேட்டாள். அவளைப் போலக் கேட்பவர்களுக்காக, எழுபதுகளில் அவள் அம்மாவை இதே அறுவைக்குப் பின் அழைத்து வந்த கதையை எழுதுகிறேன்.

அப்போது துளை ஏது? என் மனைவி மேரிக்கு விலாவுக்குக் கீழே ஒரு சாண் கிழித்திருந்தார்கள். இருமல் வந்தால் அடக்காதே, தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமு, நன்றாக மூச்சை இழுத்து விடு என்று பாலக்காட்டு ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பினார்.

துணைக்கு வந்த என் அக்காவுக்கு அது போதவில்லை. பழைய சேலையை மடித்து மேரியின் வயிற்றை இறுக்கிக் கட்டினாள். "புள்ள பெத்தவளுக்கு இப்படித்தாம்ல கட்டுவோம். நீ சும்மா இரு" என்று என் வாயை அடைத்தாள். எங்கள் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் அக்காவை எதிர்த்துப் பேசுகிறவன் இன்னும் பிறக்கவில்லை.

காலை எட்டு மணிக்கு வாடகை அம்பாசிடரில் கிளம்பினோம். ஓட்டுநர் பாலக்காட்டை அடுத்த பெருமாட்டிக்காரர். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு வழி. ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "வலிக்கா?" என்றேன். "இல்ல" என்றாள். மழையில் நனைந்துகொண்டே கொழுந்து கிள்ளியவள், வேறென்ன சொல்வாள்?

மறையூர் தாண்டி ஏற்றத்தில் குளிர்காற்று பட்டதும் அவளுக்கு இருமல் முட்டியது. உதட்டைக் கடித்து அடக்கினாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, அம்மிணி மொகம் சரியில்லீங்க. வண்டிய ஓரங்கட்டட்டுங்களா?"

நிறுத்தச் சொன்னேன். அவள் கை சில்லிட்டிருந்தது. இவளை இழந்துவிடுவேனோ என்று பயந்துபோனேன். "எங்க வலிக்குது மேரி?" என்றேன்.

பொலபொலவென்று கண்ணீர் வந்தது. "கட்டுதாங்க. மூச்சு இழுக்க முடியல. அக்கா சங்கடப்படுவாங்கன்னு சொல்லல."

அவிழ்த்தேன். தலையணையை வைத்து, அதன்மேல் என் கையையும் வைத்து அழுத்தினேன். இருமினாள், அழுதாள், பிறகு ஆழமாக மூச்சு விட்டாள். முன் சீட்டிலிருந்த அக்கா இறங்கிப் பின்னால் வந்தாள். அந்தச் சேலையை மடித்து மேரியின் முதுகுக்கு அண்டக் கொடுத்தாள். சூரியநெல்லி வரை நான் கையை எடுக்கவில்லை. மரத்துப்போனது, போகட்டும்.

இப்போது போகிறவர்களுக்கு: மருத்துவர் சம்மதித்த பிறகே கிளம்புங்கள். வலி மாத்திரையை வலி முற்றும்வரை தள்ளிப்போடாமல் அவர் சொன்ன நேரத்தில் கொடுங்கள். மலையேறும் முன் இறக்கிக் கொஞ்சம் நடக்க வையுங்கள். தலையணை மடியிலேயே இருக்கட்டும். மூச்சுத் திணறினாலோ காய்ச்சல் கண்டாலோ பயணத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டு, பதில் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருங்கள்.