வாசகர் பட்டியல் என் கையில் இல்லை

சாயல்குடிப் பக்கம் எங்களுக்கு மிளகாய்த் தோட்டம் இருக்கிறது. விவசாயக் குறிப்புகளை வாரம் ஒரு கடிதமாக மின்னஞ்சலில் அனுப்பி வருகிறேன். சந்தா கட்டிப் படிப்பவர்களும் உண்டு. எந்தத் தளத்தில் எழுதலாம் என்று தேடியபோது, சந்தாவில் பிடிக்கும் கமிஷன் குறைவு என்பதை மட்டும் பார்த்து ஒன்றில் சேர்ந்துவிட்டேன்.

ஒரு நாள் காலை, மருந்தடிக்கும் பத்து லிட்டர் டேங்குக்கு 30 மில்லி வேப்பெண்ணெய் என்று எழுத வேண்டிய இடத்தில் 300 என்று தட்டி அனுப்பிவிட்டேன். அப்படி அடித்தால் இலை கருகிவிடும். பதறிப்போய்த் திருத்தம் அனுப்பப் போனால், வங்கி விவரம் சரிபார்க்கும்வரை என் கணக்கை முடக்கியிருப்பதாகத் தளத்தில் வந்தது. வாசகர்களின் முகவரிகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

என் கணவர்தான், "ஒனக்குப் பதில் எழுதுனவுக மெயிலு ஒன் இன்பாக்ஸ்ல கெடக்கும்ல, அதப் பாரு" என்றார். அவற்றைத் தேடியெடுத்து, சரியான அளவை என் போன் எண்ணோடு ஒவ்வொருவருக்கும் எழுதினேன். அவர்களுக்குத் தெரிந்த மற்ற வாசகர்களுக்கும் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் உப்பூரிலிருந்து ஒருவர் அழைத்தார். "யக்கா, டேங்குல கலக்கிட்டேன், இன்னும் அடிக்கல. கீழ ஊத்திர்றேன்."

கணக்கு திறந்ததும் எல்லோருக்கும் திருத்தம் அனுப்பி விசாரித்தேன். நல்லவேளை, யார் தோட்டத்திலும் செடி கருகவில்லை.

இப்போது கமிஷன் கூடுதலானாலும், வாசகர் பட்டியலை நாமே இறக்கிக்கொள்ளும் வசதியுள்ள தளத்துக்கு மாறிவிட்டேன். ஒவ்வொரு வாரமும் பட்டியலை இறக்கி வைக்கிறேன். மருந்தின் அளவை என் கணவர் சத்தமாக வாசித்து, சரி என்று சொன்ன பிறகுதான் கடிதம் போகிறது.