எஞ்சினியர் சாகவில்லை

சுபா லண்டனிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். ஏதோ விண்வெளித் தொடரின் புது சீசன் இன்று தொடங்குகிறதாம், பழைய கப்டனை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டிருக்கிறார்களாம். “பாக்கேல்லையா? உனக்குத்தான் ஆள் மாத்தினால் பிடிக்காதே” என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. இருபது வருடம் கழிந்தும் அந்தப் புண்ணில் விரல் வைக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. எனக்கும் அது ஆறவில்லை என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையிலேயே பெரிய தொலைக்காட்சி ரோகிணி மாமி வீட்டில்தான். சனிக்கிழமை பின்னேரம் அங்கே போனால் முதலில் வருவது டீசல் மணம். மாமியின் கணவர் தங்கராசா மாமா துறைமுகத்தில் இழுவைப்படகின் எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர். எத்தனை தரம் குளித்தாலும் அந்த மணம் அவரை விட்டுப் போகாது. இன்றைக்கும் மூதூர்ப் படகில் டீசல் மணத்தால் எனக்குக் கச்சான் கடலை தின்ன ஆசை வருகிறது, ஏனென்றால் அந்த வீட்டில் அதுதான் என் சம்பளம்.

அங்கே ஒரு விண்வெளித் தொடர் பார்ப்போம். பேச்சு ஆங்கிலம், கீழே ஓடும் வரி சிங்களம். பாயில் இருந்த சனத்துக்கு இரண்டும் எட்டாது. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறவள் என்ற தகுதியில், பதினொரு வயதில் எனக்கு ஒரு நீல பிளாஸ்டிக் கதிரை கிடைத்தது. வரியை வாசித்துத் தமிழில் கதை சொல்ல வேண்டும். என் புலமையோ, இரண்டு சொல்லை எழுத்துக்கூட்டுவதற்குள் வரி மறைந்துவிடும். மிச்சத்தை நானே போட்டுக்கொள்வேன்.

“எனக்குச் சிங்களம் கதைக்கத்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. நீ சொல்லு பிள்ளை” என்பார் மாமா, கச்சான் சுருளை என் பக்கம் தள்ளியபடி.

அவருக்குப் பிடித்தவர் அந்த விண்கப்பலின் கிழட்டு எஞ்சினியர். அதனால் எஞ்சினியர் வாயைத் திறந்தாலே, “எஞ்சினைப் பற்றி உனக்கென்ன தெரியும், நீ போய் இரு” என்று அவர் கப்டனை ஏசுவதாகச் சொல்வேன். மாமா தொடையில் தட்டிச் சிரிப்பார்.

புது சீசன் தொடங்கிய அன்று போகிறேன், என் கதிரையில் சுபா இருக்கிறாள். கொழும்பிலிருந்து வந்த மாமியின் அண்ணன் மகள், என் வயதுதான். சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

“நீ பாயில இரம்மா. சுபா வடிவா வாசிப்பாள்” என்றார் மாமி.

அதன்பிறகு எத்தனையோ பேரை மன்னித்திருக்கிறேன். அந்த வசனத்தை மன்னிக்கவில்லை. எழும்பிப் போய் வாசலில் கிடந்த சுபாவின் செருப்பில் ஒன்றை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு வந்தேன். மனம் ஆறவில்லை.

தொலைக்காட்சியில் எஞ்சின் அறைக்குள் ஓர் இளம்பெண் நின்றாள். கிழவரைக் காணவில்லை. சுபா ஒரு சொல் தடக்காமல் வாசித்தாள்: “பழைய எஞ்சினியர் செத்திட்டார். இவதான் இனிப் புது ஆள்.”

மாமாவின் கை கச்சானிலேயே நின்றுவிட்டது. முழங்கால் வருத்தம் என்று அந்த மாதம்தான் அவரைப் படகிலிருந்து இறக்கிக் களஞ்சியத்தில் போட்டு, ஓர் இளம் ஆளை எஞ்சினுக்கு ஏற்றியிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. சுபாவை விழுத்த இதுதான் தருணம் என்று தோன்றியது.

“பொய். அவர் சாகேல்லை. வேற கப்பலுக்கு மாத்தியிருக்கினம். இவவுக்கு ஏலாமப் போனால் திரும்பக் கூப்பிடுவினமாம்.”

“இல்லை மாமா, செத்திட்டார் எண்டுதான் போட்டிருக்கு.”

மாமா திரையைக் கனநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “இவள் சொல்லுறதுதான் சரி போல கிடக்கு. சுபா, நீ எழும்பம்மா. அவள் இருக்கட்டும்.”

சுபா குசினிக்குள் போய் அழுதாள். அன்றைய கச்சானைவிட அந்த அழுகை ருசியாக இருந்தது. அதற்கு விலையாக, செத்த மனிதரை அந்த சீசன் முழுக்க நான் உயிரோடு வைத்திருக்க வேண்டியதாயிற்று. தூரத்துக் கப்பலிலிருந்து அவர் கிழமைக்கு ஒரு தகவல் அனுப்புவார். மாமா ஒன்றையும் விடாமல் கேட்பார்.

இன்று சுபாவுக்கு அதைத்தான் எழுதினேன்: “உன்னைக் கதிரையால எழுப்பினது ஞாபகம் இருக்கா?”

பதிலுக்கு ஒரு படம் வந்தது. போன வருடம் மாமா செத்தபோது வந்து அவருடைய அலுமாரியை ஒதுக்கியவள் அவள். படத்தில் பழைய கொப்பி ஒன்று: படகின் எஞ்சின் சூடு, எண்ணெய், பழுது, எல்லாம் நாள்வாரியாக, சின்னச் சின்ன உருண்டை எழுத்தில், சுத்தமான சிங்களத்தில். கீழே சுபா எழுதியிருந்தாள்: “எல்லாம் மாமாவிட கையெழுத்து. வாசிச்சுப் பார், உனக்குத்தான் சிங்களம் தெரியுமே.”

என் கதிரையை இரண்டாம் தரமும் பறித்துவிட்டாள். வென்றேன் என்று இருபது வருடம் தூக்கிவைத்திருந்தது என் கெட்டித்தனம் இல்லை. எஞ்சினியர் செத்ததை மாமாவே திரையில் வாசித்துவிட்டுத்தான் சுபாவை எழும்பச் சொல்லியிருக்கிறார்.

இப்போது தொடர்களுக்குக் கீழே தமிழ் வரியே ஓடுகிறது, ஒருவருக்கு ஒருவர் கதை சொல்லத் தேவையில்லை. பொய்யென்று தெரிந்துகொண்டே, “நீ சொல்லு பிள்ளை” என்று சுருளைத் தள்ள ஆளும் இல்லை. சுபாவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அவள் காத்திருக்கட்டும்.