ஹில்க்கா கல்

சைமா ஏரியில் எந்தக் கல்லிலும் படகை இடிக்காதவர் என்று ரான்தலாக் கரையில் ஒரே ஒருவருக்குத்தான் பெயர். அவர் அவுலிஸ். வாலிபத்திலிருந்து, வெட்டிய மரங்களைக் கட்டி இழுத்துப்போகும் படகை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, சின்ன இன்ஜின் மாட்டிய தன் படகில் மனைவி ஹில்க்காவோடு வலை போடப் போவார்.

அந்த ஏரியில் தண்ணீருக்கு அடியில் எத்தனை கற்கள் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. புதிதாக ஒரு கல்லில் முதலில் இடிப்பவர், மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக அதன்மேல் கம்பு நட வேண்டும். கல்லுக்கு அவர் பெயர் வந்துவிடும். அதுதான் வழக்கம். கடைக்காரர் ரெய்னோவின் பெயரில் ஒரு கல் உண்டு. பாதிரியார் கல்லும் உண்டு. பாதிரியார் செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றும் யாராவது அந்தக் கல்லைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சிரித்துவிடுவார். பாதிரியார் கம்பு நட்ட அன்று படகுத்துறையில் நின்று, "ஐயா, கல்லுக்கு அடி ஒண்ணும் படலியே?" என்று முதலில் கேட்டவர் அவுலிஸ்தான்.

அந்தக் கோடையில் மழையே இல்லை. ஒரு நாள் காலை வலை எடுத்துவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் உட்கார்ந்திருந்த ஹில்க்கா கரையோரக் கோரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"கொஞ்சம் இடது பக்கம் போ, அவுலிஸ். தண்ணி ரொம்ப இறங்கியிருக்கு."

"எனக்கே வழி சொல்றியா?"

"கண்ணுக்குத் தெரியறதைச் சொன்னேன்."

"இந்த ஏரியில நான் கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்."

படகுக்கு அடியில் நங்கென்று ஒரு சத்தம். இன்ஜின் அலறியது, படகு மட்டும் நின்றுவிட்டது. அவுலிஸ் இன்ஜினை அணைத்துச் சாய்த்துத் தூக்கிப் பார்த்தார். தண்ணீரைத் தள்ளும் விசிறியின் ஒரு இதழ் நாயின் காதுபோல மடங்கியிருந்தது. இன்னொன்றின் ஓரம் கடித்துத் துப்பியது மாதிரி போயிருந்தது. விசிறியையும் அதைச் சுழற்றும் தண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பித்தளைப் பின் இரண்டாக ஒடிந்திருந்தது. கல்லில் பட்டால் அது ஒடிய வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் பல்சக்கரம் தப்பிக்கும்.

"மாத்துப் பின் எங்க?" என்றார் ஹில்க்கா.

இல்லை. அந்தக் கரையில் எல்லோரும் இன்ஜின் மூடிக்கு உள்ளே இரண்டு பின்களை ஒட்டி வைத்திருப்பார்கள். அவுலிஸ் வைத்ததில்லை. வைத்திருந்தால் என்றாவது இடிப்பேன் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவர் எண்ணம்.

ஹில்க்கா துடுப்பை எடுத்து வீடுவரை வலித்தார். அவுலிஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னும் விசிறியும் ரெய்னோ கடையில்தான் கிடைக்கும். அங்கே போய்க் கேட்டால், கோப்பையில் ஊற்றிய காப்பி ஆறுவதற்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அவுலிஸ் ஒரு ஆணியை வெட்டிப் பின்னாகச் செருகினார். மடங்கிய இதழை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். உடைந்த ஓரத்தை அரத்தால் ராவினார். அதற்குச் சமமாக இருக்கட்டும் என்று மற்ற இதழ்களையும் ராவினார்.

"ஆணி இரும்பாச்சே. அடுத்த தடவை இடிச்சா அது ஒடியாது. பல்சக்கரம்தான் போகும்," என்றார் ஹில்க்கா.

"அடுத்த தடவை இடிக்க மாட்டேன்."

"இந்தத் தடவையும் இதைத்தான் சொன்ன."

இதழ்களை ராவினால் இன்ஜின் சத்தம் மாறிவிடும் என்பதை அவுலிஸ் மறந்துவிட்டார். அந்தக் கரையில் படகைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண்பவர் யாருமில்லை. முதுகைத் திருப்பி உட்கார்ந்திருப்பவர்கூட, சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடுவார். சனிக்கிழமை மீன் விற்க இருவரும் போனபோது, படகைத் துறையில் கட்டுவதற்கு முன்பே ரெய்னோ கத்தினார்.

"என்னப்பா அவுலிஸ், இன்ஜினுக்குப் பல்லு விழுந்துருச்சா?"

காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"விசிறியைத் தூக்கிக் காட்டேன், பாப்போம்! கம்பு நான் வெட்டித் தரேன், காசு வேண்டாம்!"

அவுலிஸின் முகம் காதுவரை சிவந்துபோனது.

"நான் இல்ல," என்றார். "ஹில்க்கா ஓட்டினா."

எல்லோரும் ஹில்க்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அதானே பாத்தேன்! அவுலிஸாவது, கல்லுல இடிக்கிறதாவது!"

"பொம்பளை கையில குடுத்தா கல்லே எந்திரிச்சு வரும்ல!"

ஹில்க்கா மீன் கூடையைப் பலகைமேல் வைத்தார். மேலே போட்டிருந்த ஈரத்துணியை நிதானமாகச் சரிசெய்தார்.

"கம்பு என்னைக்கு நடணும், ரெய்னோ?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவுலிஸ்தான் பேச்சை ஆரம்பித்தார். "ஒரு பேருதானே. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"ஒண்ணும் குறையலன்னா நீயே வெச்சிருக்கலாமே."

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வழிபாடு முடிந்ததும் எல்லோரும் துறையில் கூடினார்கள். ஹில்க்கா துடுப்புப் படகில் தனியாகப் போனார். எங்கும் தேடவில்லை, நேராகப் போய் நின்று, கல்லின் வெடிப்பில் கம்பை இறக்கினார். "இடிச்சவளுக்கு இடம் தெரியாதா?" என்று ரெய்னோ சிரித்தார். இப்படிப்பட்ட நாளில் முதலில் கேட்கும் குரல் அவுலிஸுடையது. அன்று அவர் காலிக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு ஹில்க்கா இன்ஜின் படகில் ஏறவில்லை. தன் வலையைத் தானே துடுப்பு வலித்துப் போய் எடுத்து வந்தார். அவுலிஸ் ரெய்னோ கடையில் புது விசிறி வாங்கினார். "வீட்டம்மாவுக்குத் தேவைப்படும்" என்று ரெய்னோ இரண்டு பின்களைச் சும்மாவே கொடுத்தார். அவுலிஸ் அதையும் வாங்கிக்கொண்டார்.

மறு கோடையில் ஏரிக்குப் புது வரைபடம் போட நகரத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். துறையில் நின்று கற்களின் பெயரையெல்லாம் கேட்டாள்.

"அது ஹில்க்கா கல்," என்றார் ரெய்னோ. "இவரு சம்சாரம் இடிச்சது."

அவள் அவுலிஸிடம் திரும்பினாள். "சரிதானா? அச்சாயிட்டா அப்புறம் மாத்தறது கஷ்டம். அதான் கேக்கறேன்."

தூரத்தில் ஹில்க்காவின் படகு தெரிந்தது. உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ரெய்னோ பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"சரிதான்," என்றார் அவுலிஸ்.

அன்று சனிக்கிழமை. கல்யாணம் ஆனதிலிருந்து சனிக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்தே சவுனா என்னும் நீராவிக் குளியல் அறைக்குப் போய் வியர்க்கக் குளிப்பார்கள். அந்த ஒரு வழக்கம் மட்டும் இன்னும் நிற்காமல் இருந்தது. ஹில்க்கா சவுனா அடுப்பை மூட்டிவிட்டு வந்து வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வரைபடத்துல உன் பேரு வருது," என்றார் அவுலிஸ், நல்ல சேதி சொல்வது போல.

ஹில்க்காவின் கத்தி நின்றது. "உன்கிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

அவுலிஸ் மீன் கூடையை நகர்த்தி வைத்தார். ஹில்க்கா கையைக் கழுவி, ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு சவுனாவுக்குள் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.