சும்மா கிடைத்த லினக்ஸ் சீடி

சீடி உறையில் இருந்த 'லினக்ஸ்' என்ற பெயரைச் சிப்பாய் உதடசைத்து எழுத்துக்கூட்டி வாசித்ததைத்தான் முதலில் கவனித்தேன்.

இன்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். என் பையில், அண்ணா, நீங்கள் தபாலில் அனுப்பிய லினக்ஸ் சீடியும், என் சொந்த அண்ணன் கண்டியில் வாங்கிவரச் சொன்ன கள்ள விண்டோஸ் சீடியும் இருந்தன.

விண்டோஸைப் பார்த்ததும் சிரித்துத் திருப்பித் தந்தார்.

மற்றதைக் காட்டி, "இது என்ன? யார் கொடுத்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"தபாலில் வந்தது. காசில்லை."

"காசில்லாமல் யார் கொடுப்பார்கள்?"

அடையாள அட்டையைக் கேட்டார். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

பக்கத்தில் இருந்த அம்மா சிப்பாயைப் பார்த்து அழுதுவிட்டார். "சின்னப்புள்ளங்க மாத்தயா. அத நீங்களே வச்சிக்கங்க."

சீடியை வைத்துக்கொண்டு எங்களை விட்டார்.

"சும்மா குடுக்கிறத ஏன்டி வாங்குற?" என்றார் அம்மா.

லினக்ஸில் வைரஸ் பயமே இல்லை என்றீர்களே அண்ணா, அது சரிதான்.

வீட்டுக்கு வந்து விண்டோஸையே போட்டேன்.